குழிந்த பலகையைக் கண்டதும் தேய்க்காதீர்கள்: ஷட்டில் கோர்ட் மரத்தளப் பராமரிப்பு

தக்கலைப் பக்கம் ஒரு ஷட்டில் அரங்கை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு கோர்ட், மேப்பிள் பலகைத் தளம். புதிதாகக் கோர்ட் போட்ட நண்பர்கள் போனில் கேட்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு. தேக்கு போட்டவர்களுக்கும் முறை கிட்டத்தட்ட இதுதான். பலகைக்கு மேல் பிவிசி மேட் விரித்திருந்தால், முதலில் அதைச் சுருட்டிப் பாருங்கள். ஓதம் அதற்கு அடியில்தான் ஒளிந்திருக்கும்.

1. மணல்

நம் குமரி மாவட்டத்தில் எந்த ஊரும் கடலுக்கு வெகுதூரமில்லை. செருப்பில் வரும் மணல் பூச்சின் மேல் உப்புத்தாள் வேலை செய்யும். வாசலுக்கு வெளியே ஒரு கயிற்று மிதியடி, உள்ளே இன்னொன்று. கோர்ட்டுக்கென்று தனி ஷூ, தடம் விடாத அடிப்பாகம் உள்ளது. தெருவில் போட்ட ஷூவோடு ஏறினால் யாராக இருந்தாலும் இறக்கிவிடுங்கள். அண்ணாச்சி கோபித்தால் கோபிக்கட்டும்.

2. தினமும் துடைப்பது

காலையில் ஒரு தடவை, மாலை ஆட்டத்துக்கு முன் ஒரு தடவை. மூன்றடி அகல மைக்ரோஃபைபர் மாப், உலர்ந்தது. பலகை ஓடும் திசையிலேயே, தூக்காமல் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வாளி, ஃபினாயில், ஈர மாப் மூன்றும் அரங்குக்குள் வரவே கூடாது. வியர்வை சொட்டினால் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும்.

மாப்பில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தெளித்தால் தூசி நன்றாக ஒட்டும் என்று ஒருவர் சொல்லித்தந்தார். ஒட்டத்தான் செய்யும். கூடவே தளம் வழுக்கும், அடுத்து அடிக்கும் பூச்சும் பிடிக்காது. கறுப்பு ஷூ தடத்துக்கு என் வைத்தியம் பழைய டென்னிஸ் பந்து: கத்தியால் கீறி ஒரு கம்பு முனையில் செருகி, நின்றபடியே தேய்க்கலாம்.

3. ஓதம் (நான் விழுந்த இடம்)

ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. இரண்டும் கிடைக்கிற மாவட்டம் என்று நாம் பெருமை பேசலாம், பலகைக்கு அது சோதனை. அரங்குக்குள் ஈரப்பதம் 35 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது மேப்பிள் தளம் செய்பவர்கள் சொல்லும் கணக்கு. எங்கள் சுவர் மீட்டர் சாரல் நாளில் 85 காட்டியிருக்கிறது.

மூன்றாம் வருடம் ஆடியில் கூரை ஓரம் ஒழுகி, பின்கோர்ட் மூலையில் தண்ணீர் பலகைக்கு அடியில் போயிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. ஆட வந்த ஒரு பையன்தான், "அண்ணே, தரை அலை அலையா இருக்கு" என்றான். ஓர் இரும்பு ஸ்கேலைப் பலகைக்குக் குறுக்கே வைத்தேன். இரண்டு விளிம்பிலும் உட்கார்ந்தது, நடுவில் ஒரு தபால் அட்டை நுழையும் இடைவெளி. பதறிப்போய் அந்த வாரமே மெஷின் வரவழைத்துத் தேய்த்து, சமமாக்கி, பூச்சும் அடித்தாயிற்று. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது.

மாசியில் அதே ஸ்கேலை அதே இடத்தில் வைத்தேன். இப்போது நடுப்பகுதி மேடு, விளிம்பு பள்ளம். ஸ்கேல் ஊஞ்சலாடியது.

நடந்தது இதுதான். பலகையின் அடிப்பக்கம் தண்ணீர் குடித்து, மேல்பக்கத்தைவிட அதிகமாக ஊதியது. அதனால் விளிம்புகள் எழும்பின. எழும்பிய விளிம்பைத் தேய்த்து எடுத்துவிட்டோம். அடிப்பக்கம் காய்ந்ததும் விளிம்பு பழையபடி கீழே இறங்கியது. அங்கேதான் மரம் இல்லையே!

ஆகவே, முதலில் ஒழுக்கைக் கண்டுபிடித்து அடையுங்கள். அப்புறம் கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு டீஹியூமிடிஃபையரும் (காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் மெஷின்) ஃபேனும் ஓடட்டும். காற்றோட்டத்துக்கென்று மழை நாளில் ஜன்னலைத் திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும். ஊசி வைத்த ஈரமானி ஒன்று வாங்குங்கள். பாலிஷ் மெஷினுக்கு முன்னால் வாங்க வேண்டிய கருவி இது என்பேன். நீண்ட ஊசி உள்ளதாகப் பாருங்கள், குட்டை ஊசி மேல் ஈரத்தை மட்டுமே சொல்லும். வாரம் ஒருமுறை அதே இடத்தில் குத்தி நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் நன்றாக இருக்கும் பலகையின் அளவுக்கு இறங்கி, இரண்டு மூன்று வாரம் நகராமல் நின்ற பிறகுதான் தேய்ப்பதைப் பற்றிய பேச்சே. லேசாகக் குழிந்தவை பல நேரம் தானாகவே படிந்துவிடும்.

4. வருடம் ஒரு பூச்சு

மாசி, பங்குனிதான் நமக்குத் தோது. 120 அல்லது 150 எண் ஸ்கிரீன் வட்டால் (வலை மாதிரி இருக்கும் உப்புத்தாள் வட்டு) பழைய பூச்சின் பளபளப்பு போகும்வரை மட்டும் உரசுங்கள், மரம் தெரியக் கூடாது. வாக்குவம் போட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் ஒரு தடவை ஒற்றி, காயவிட்டு அடிக்கலாம். டப்பாவைக் குலுக்கினால் குமிழி வரும், குச்சியால் கிளறினால் போதும். அடிக்கும்போது ஃபேன் ஓடக் கூடாது.

என் ஓட்டு தண்ணீர்க் கலவை பாலியூரிதேனுக்கு: நாற்றம் குறைவு, மஞ்சளாகாது. எண்ணெய்க் கலவைதான் வேண்டும் என்றால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வையுங்கள். எதுவானாலும் முதலில் ஒரு மூலையில் அடித்து, காய்ந்ததும் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உரிந்தால் அடியில் ஃபினாயிலோ எண்ணெயோ இருக்கிறது. முழுவதும் அடித்த பின் ஒரு வாரம் பூட்டு.

மரம் தெரியத் தேய்ப்பது வேறு வேலை. ஒவ்வொரு முறையும் பலகை மெலியும், பத்து வருடத்துக்கு ஒருமுறை போதும்.

பின்சேர்க்கை

குளச்சலிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: போட்டிக்காகத் தரையில் ஒட்டிய பிரவுன் டேப்பை உரித்தபோது பூச்சும் சேர்ந்து வந்ததாம். பெயின்டர்கள் பயன்படுத்தும் நீல டேப் ஒட்டி, அன்று இரவே எடுத்துவிடுங்கள்.

இன்னொருவருக்குச் சுவரோரம் பலகை கூடாரம் போல எழும்பிவிட்டது. கேட்டால், தளத்துக்கும் சுவருக்கும் நடுவே விட்டிருந்த இரண்டு அங்குல இடைவெளியைக் கொத்தனார் 'அசிங்கமா இருக்கு' என்று சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறார். மழையில் ஊதும் மரத்துக்கு நகர வேறு இடமில்லை. கொத்திச் சிமென்டை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஸ்கர்ட்டிங் பலகை வைத்து மறைக்கலாம், ஆனால் அதைச் சுவரில் மட்டும் அடியுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், கரையான் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஏறும்.