பழைய ஹாட் பிளேட் கலக்கியில் வெப்பநிலையைக் கட்டுக்குள் கொண்டுவருதல்

திரவத்தைச் சூடேற்றியபடியே, பீக்கருக்குள் சுழலும் காந்தத்தால் கலக்கும் பழைய காந்தக் கலக்கிகளின் முகப்பில் 1 முதல் 10 வரை எண்கள் போட்ட திருகு ஒன்று இருக்கும். அந்த எண்களுக்கும் பீக்கரில் உள்ள திரவத்தின் வெப்பநிலைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பல கருவிகளில் அதன் பின்னால் இருப்பது சிம்மர்ஸ்டாட். அது தட்டின் சூட்டை உணர்வதே இல்லை, தனக்குள் இருக்கும் ஈருலோகப் பட்டை சூடேறி வளைவதை வைத்து மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்கிறது. ஆகவே 60 டிகிரியில் நிறுத்த வேண்டுமானால், தெர்மாமீட்டரையும் திருகையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது.

இதற்குத் தீர்வு, திரவத்துக்குள்ளேயே ஒரு சென்சாரை இறக்கி, அதன் அளவீட்டைக் கொண்டு ஹீட்டரை இயக்குவது. எஃகு உறையிட்ட மூன்று கம்பி பி.டி.100 சென்சார் (சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் பிளாட்டின உணரி), 48 மி.மீ. சதுர முகப்புள்ள பி.ஐ.டி. கன்ட்ரோலர் (இலக்குக்கும் அளவீட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கும் கருவி), எஸ்.எஸ்.ஆர். எனப்படும் திடநிலை ரிலே (அசையும் முனைகள் இல்லாத மின்னணு சுவிட்ச்) ஆகிய மூன்றும் போதும். கன்ட்ரோலர் வாங்கும்போது எஸ்.எஸ்.ஆரை இயக்கும் வெளியீடு உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும். சாதாரண ரிலே உள்ளதை வாங்கிவிட்டால், இரண்டு விநாடிக்கொரு முறை 'டக் டக்' என்று அடித்து அதன் முனைகள் விரைவில் தேய்ந்துவிடும்.

500 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 2.2 ஆம்பியர் அளவுக்கே இழுக்கும் என்றாலும், 25 ஆம்பியர் எஸ்.எஸ்.ஆரைப் போடுவது நல்லது. ஒவ்வொரு ஆம்பியருக்கும் ஏறத்தாழ ஒரு வாட் வெப்பத்தை அது வெளியிடுவதால், ஹீட் சிங்க்கில் பொருத்தித் தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். தட்டுக்கு அடியில் உள்ள சூட்டில் அதை அடைப்பது வீண் வேலை.

பிளக்கைப் பிடுங்கி, தட்டு ஆறிய பிறகே கருவியைத் திறக்க வேண்டும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்: மின்கம்பி முழுவதையும் எஸ்.எஸ்.ஆர். வழியே கொடுத்தால், ஹீட்டர் அணையும் போதெல்லாம் கலக்கும் மோட்டாரும் நின்றுவிடும். சிம்மர்ஸ்டாட்டிலிருந்து ஹீட்டருக்குப் போகும் ஃபேஸ் கம்பியை மட்டும் பிரித்து எஸ்.எஸ்.ஆர். வழியே திருப்பிவிட்டு, மோட்டாரின் இணைப்பைத் தொடாமல் விட வேண்டும். சாதாரண சாலிடர் 183 டிகிரியிலேயே இளகத் தொடங்குவதால், ஹீட்டர் முனையில் அழுத்திப் பொருத்தும் லக் என்ற உலோக முனையையும், கண்ணாடியிழை ஸ்லீவ் போட்ட கம்பியையும்தான் பயன்படுத்த வேண்டும். மூடிய பின் பிளக்கின் எர்த் முனைக்கும் தட்டின் உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும்.

சென்சாரை நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த பீக்கரில் வைத்தால் 0 டிகிரி காட்ட வேண்டும். விலகல் இருந்தால் கன்ட்ரோலரிலேயே திருத்திக்கொள்ளலாம். பிறகு, வழக்கமாகக் கையாளும் அளவு திரவத்தை எடுத்து, வழக்கமான வேகத்தில் கலக்கவிட்டு ஆட்டோ டியூன் (கன்ட்ரோலர் தனக்கேற்ற கட்டுப்பாட்டு எண்களைத் தானே கண்டறியும் வசதி) ஓட்ட வேண்டும். கலக்காமல் டியூன் செய்த எண்கள் எதற்கும் உதவா. சென்சாரின் நுனி அடித்தட்டில் படாமல், சுழலும் காந்தத்துக்குச் சற்று மேலே, ஓரமாக இருக்கட்டும். கனமான தட்டு, ஹீட்டர் அணைந்த பின்னும் தேக்கி வைத்த சூட்டைத் திரவத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பதால், டியூன் ஆன பிறகும் இலக்கைத் தாண்டக்கூடும். வெளியீட்டின் உச்ச வரம்பை 50 சதவீதமாகக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். நேரம் கூடுதலாகும், எனக்கு அது உடன்பாடே.

இரண்டு அபாயங்களுக்கு முன்கூட்டியே வழி செய்யாமல் இந்த மாற்றத்தில் இறங்கக் கூடாது. ஒரு முறை என் சென்சார் கிளாம்பிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது. 30 டிகிரி என்று நம்பிய கன்ட்ரோலர், பீக்கர் கொதித்து வழியும்வரை சூடேற்றியது. எஸ்.எஸ்.ஆரோ பழுதாகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகி, ஹீட்டரை அணைக்க முடியாதபடி ஆக்கிவிடும். முதலாவதற்கு, சூடேற்றியும் அளவீடு ஏறாவிட்டால் எச்சரிக்கும் கன்ட்ரோலரின் லூப் பிரேக் அலாரம் உதவும். இரண்டாவதற்கு, தட்டின் அடியில் ஹீட்டருடன் தொடராக, கையால் மீட்டமைக்கும் வெப்பத் துண்டிப்பான் ஒன்றைப் பொருத்த வேண்டும். இவை இருந்தாலும், ஈதர், அசிட்டோன் போன்ற எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களை இந்தக் கருவியில் சூடேற்றக் கூடாது.

தண்ணீருக்குப் பதில் எண்ணெய்த் தொட்டிக்கு மாறும்போது ஆட்டோ டியூனை மீண்டும் ஓட்டி, இரண்டு தொகுதி எண்களையும் ஒரு சீட்டில் குறித்துப் பெட்டியின் மேல் ஒட்டிவைக்கலாம்.