குமட்டல் ஊசி போட்டாச்சு, இனிக் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கு

சிங்கப்பூரில், புற்றுநோய்க்குக் கீமோ கொடுக்கும் பகல்நேரப் பிரிவில் தாதியாக வேலை பார்க்கிறேன். கீமோ மருந்து ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வாந்தியைத் தடுக்கும் மருந்தை டிரிப்பில் ஏற்றுவது எங்கள் அன்றாட வேலை. புதிதாக வருகிற குடும்பங்கள், முன்பு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் செய்த அதே தவறுகளைத் திரும்பவும் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நாங்கள் சொல்லாமல் அனுப்புவதில்லை, ஆனால் முதல் கீமோ அன்று பயத்தில் இருக்கிறவர்களிடம் பத்து விஷயம் சொன்னால் வீடு போய்ச் சேர்வதற்குள் ஒன்பது மறந்துவிடும், அது அவர்கள் குற்றமில்லை. அதனால்தான் நிதானமாகப் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். ஒவ்வாமை இருந்தால் சொல்லுங்கள், நேரத்துக்கு வாருங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஊசி நன்றாக வேலை செய்தது என்று வீட்டு மாத்திரையை விட்டுவிடுவது

இத்தனை வருடம் கழித்தும் என்னைக் கோபப்படுத்துகிற தவறு இதுதான்.

ஒரு அங்கிள், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், தொண்டையில் புற்றுநோய். சிஸ்பிளாட்டின் கொடுத்தோம். வாந்தியை மிக அதிகமாகக் கிளப்பும் கீமோ மருந்துகளில் அதுவும் ஒன்று என்பதால் தடுப்பு மருந்துகளை முழுமையாகவே கொடுத்தோம், அன்று மாலை அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். இரவு தேக்காவிலிருந்து பிரியாணி வாங்கிவரச் சொல்லிச் சாப்பிட்டிருக்கிறார். மறுநாளும் நன்றாக இருந்திருக்கிறார். பார்க்க வந்த உறவினர் ஒருவர், "இவ்வளவு மாத்திரை எதுக்கு, உடம்பு சூடாகிடும், நல்லாத்தானே இருக்கீங்க" என்று சொல்ல, மாத்திரைப் பை குளிர்சாதனப் பெட்டியின் மேலே போய் உட்கார்ந்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் வாந்தி ஆரம்பித்தது. பிரியாணிதான் காரணம் என்று நினைத்துக் கஞ்சிக்கு மாறினார்கள், அப்புறம் கஞ்சியும் நிற்கவில்லை, தண்ணீரும் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தபோது நாக்கு வறண்டு, எழுந்தால் தலை சுற்றி, சிறுநீரகப் பரிசோதனையில் கழிவுப்பொருளின் அளவு ஏறியிருந்தது. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து, அதோடு உடம்பில் நீரும் வற்றினால் இரண்டும் சேர்ந்து அடிக்கும். வார்டில் படுக்க வேண்டியதாயிற்று, அடுத்த சுற்றும் தள்ளிப்போனது. அவர் மனைவி என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி: "ஊசிதான் போட்டீங்களே, ஏன் வேலை செய்யல?"

ஊசி வேலை செய்தது. அதன் வேலை அவ்வளவுதான்.

கீமோ மருந்து உடம்புக்குள் போனதும் முதல் 24 மணி நேரத்தில் குடலில் இருக்கிற சில செல்கள் செரோட்டோனினைக் கொட்டுகின்றன, அது குடலிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைத் தூண்டி வாந்தியைக் கிளப்புகிறது. ஒண்டான்செட்ரான், கிரானிசெட்ரான், பலோனோசெட்ரான் என்று 'செட்ரான்' என முடிகிற ஊசிகள் இந்த வழியைத்தான் அடைக்கின்றன, அதை நன்றாகவே அடைக்கின்றன. ஆனால் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை வருகிற குமட்டலுக்கு வழி வேறு. அதில் மூளைக்குள்ளேயே வேலை செய்கிற சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. சிஸ்பிளாட்டினைப் பொறுத்தவரை இந்தத் தாமதக் குமட்டல் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும், அதாவது எல்லாம் முடிந்துவிட்டது என்று வீட்டில் எல்லாரும் மூச்சு விடுகிற மூன்றாம் நாளில். கார்போபிளாட்டின், சைக்ளோபாஸ்பமைட், சிவப்பு மருந்து என்று சொல்கிறோமே அந்த டாக்ஸோரூபிசின், இவற்றுக்கும் தாமதக் குமட்டல் உண்டு. இந்த நாட்களுக்காகத்தான் டெக்ஸாமெத்தசோன், அப்ரெபிட்டன்ட், ஒலான்சபின் போன்றவற்றில் உங்களுக்குப் பொருந்துவதைத் தேர்ந்து எழுதிக் கொடுக்கிறார்கள். அப்ரெபிட்டன்ட் காப்ஸ்யூல் என்றால் வழக்கமாக முதல் நாள் 125 மி.கி., இரண்டாம் மூன்றாம் நாட்களில் 80 மி.கி. அந்த இரண்டு காப்ஸ்யூலை வீட்டில் வைத்துவிட்டால் சிகிச்சையில் பாதியை எடுக்கவில்லை என்றுதான் பொருள். பலோனோசெட்ரான் உடம்பில் நீண்ட நேரம் தங்கும், பாதியளவு குறையவே சுமார் 40 மணி நேரம் ஆகும், அப்படியிருந்தும் வலுவான கீமோவுக்கு அதை மட்டும் நம்பி விடுவதில்லை.

இந்த மாத்திரைகள் வாந்தி வந்த பிறகு நிறுத்துவதற்கானவை இல்லை, வராமல் தடுப்பதற்கானவை. நேரத்துக்குப் போட வேண்டியவை ஒரு வகை, வந்தால் மட்டும் போட வேண்டியவை இன்னொரு வகை. பையில் இரண்டும் கலந்து இருக்கும். வீட்டுக்கு வந்ததும் பிரித்து இரண்டு டப்பாவில் வைத்துவிடுங்கள், வீட்டில் பணிப்பெண் பார்த்துக்கொள்கிறார் என்றால் அவருக்குப் புரிகிற மொழியில் நாளும் நேரமும் எழுதி ஒட்டுங்கள்.

ஒலான்சபினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மகனோ மகளோ கைப்பேசியில் தேடிப் பார்த்து, மனநோய்க்குக் கொடுக்கும் மருந்து என்று படித்ததும் பதறி அப்பாவிடமிருந்து எடுத்து வைத்துவிடுகிறார்கள். அந்த நோய்க்கும் அது பயன்படும், உண்மைதான். கீமோவினால் வரும் குமட்டலுக்கு, அதிலும் வாந்தியே இல்லாமல் நாள் முழுக்க வயிற்றைப் புரட்டிக்கொண்டே இருக்கிற குமட்டலுக்கு, நம்மிடம் இருக்கிற நல்ல மருந்துகளில் அதுவும் ஒன்று. தூக்கம் வரும், திடீரென எழுந்தால் தலை சுற்றும், அதனால் இரவில் படுக்கப்போகும்போது போட்டுக்கொண்டு, வயதானவர்கள் நடுராத்திரி கழிவறைக்குத் தனியாகப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். வீட்டில் வாந்திக்கு வாங்கிய பழைய மேக்ஸலான் மாத்திரை இருந்தால் அதை நீங்களாகவே இதோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள், இரண்டும் மூளையில் டோபமின் என்ற ஒரே பொருளைத் தடுப்பவை.

முதல் சுற்றிலேயே வாந்தியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று நாங்கள் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் தடவை கடுமையாக வாந்தி எடுத்தவருக்கு, அடுத்த தடவை மருந்து ஏறுவதற்கு முன்னாலேயே, மருத்துவமனை வாசனை பட்டதும், சிலருக்குப் பெருவிரைவு ரயிலில் அந்த நிலையத்தை நெருங்கும்போதே, குமட்ட ஆரம்பித்துவிடும். உடம்பு கற்றுக்கொண்டுவிடுகிறது. அப்படிப் பதிந்துவிட்டதை செட்ரான் ஊசியால் எளிதில் அகற்ற முடியாது. ஒரு ஆண்டி மின்தூக்கியில் ஏறும்போதே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வருவார், அவருக்கு இன்னும் நாலு சுற்று பாக்கி இருந்தது. முதல் வாரம் மாத்திரை ஒழுங்காகப் போட்டிருந்தால் அந்த நிலை வராமலே போயிருக்கலாம்.

என்ன ஊசி என்று தெரியாமல் வீட்டுக்குப் போவது

"ஏதோ வாந்திக்கு ஒரு ஊசி" என்று சொல்பவர்கள்தான் அதிகம். பெயர் முக்கியம். காரணம் சொல்கிறேன். பேட்டை கிளினிக்குகளில் வாந்திக்குப் போடுகிற மேக்ஸலான், அதாவது மெட்டோகுளோப்ரமைட், சிலருக்கு, குறிப்பாக இளவயதினருக்கு, அதிலும் பெண்களுக்கு, போட்ட சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கழுத்தை ஒரு பக்கம் இழுத்துவிடும், தாடை இறுகும், கண்கள் மேலே செருகிக்கொள்ளும். ரத்தக்குழாய்க்குள் வேகமாக ஏற்றினால் சிலருக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போல ஒரு தாங்க முடியாத பரபரப்பு வரும். அதனால்தான் அதைக் குறைந்தது மூன்று நிமிடமாவது எடுத்து மெதுவாக ஏற்றுகிறோம், தாதி ஏன் இவ்வளவு மெதுவாகத் தள்ளுகிறார் என்று அவசரப்படுத்தாதீர்கள். வாந்திக்குப் போடும் ஸ்டெமெட்டில் ஊசிக்கும் இதே மாதிரி விளைவுகள் வரலாம். வீட்டில் இருப்பவர்கள் இதை வலிப்பு என்று நினைக்கிறார்கள், பக்கவாதம் என்று நினைக்கிறார்கள், பயத்தில் நடிக்கிறாள் என்றுகூட ஒரு தாயார் தன் மகளைத் திட்டியதை நான் கேட்டிருக்கிறேன், அந்தப் பெண் கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். என்ன ஊசி போட்டார்கள் என்று சொல்ல முடிந்தால் மருத்துவர் சீக்கிரமே காரணத்தைப் பிடித்துவிடுவார், மாற்று ஊசி போட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகிவிடும். தெரியாவிட்டால் தலைக்கு ஸ்கேன் வரை போக வேண்டியிருக்கும்.

கிளம்பும் முன் தாதியிடம் கேட்டு, அன்றைக்குக் கொடுத்த மருந்துகளின் பெயரைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. ஒருமுறை இப்படி ஆகியிருந்தால் அதை மருந்து ஒவ்வாமைப் பட்டியலில் பதியச் சொல்லுங்கள், அடுத்து எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அவர்கள் கண்ணில் படும்.

சர்க்கரை நோய் இருந்தும் காலையில் மட்டும் சோதிப்பது

நம் ஆட்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, சிங்கப்பூரில் சர்க்கரை நோய் இந்தியர்களிடம் அதிகம். குமட்டல் ஊசியோடு சேர்த்து வழக்கமாகக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்ட், சர்க்கரையை ஏற்றும். காலையில் போட்டால் ஏற்றம் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகும் மாலையிலும்தான் தெரியும். விடியற்காலை வெறும் வயிற்றில் குத்திப் பார்த்து 6 (mmol/L) என்று வந்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள், மாலையில் அது 18-ல் நிற்கலாம். ஸ்டீராய்ட் நாட்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலும் பாருங்கள். இன்சுலின் போடுபவர்கள் முதல் கீமோவுக்கு முன்னாலேயே அளவைப் பற்றிப் பேசிவிடுங்கள். சர்க்கரை ஏறுகிறதே என்று பயந்து ஸ்டீராய்ட் மாத்திரையை நீங்களாக நிறுத்தினால், மேலே சொன்ன மூன்றாம் நாள் கதைக்குத்தான் திரும்பி வருவீர்கள்.

ஸ்டீராய்ட் மாத்திரையை இரவில் போடுவது

தூக்கம் போய்விடும். காலையில், சாப்பாட்டோடு.

எரிச்சலை வெளியே சொல்லாமல் உட்கார்ந்திருப்பது

டெக்ஸாமெத்தசோன் வேகமாக ஏறினால் சிலருக்கு அந்தரங்க இடத்தில் திடீரென்று எரிவது போலவோ அரிப்பது போலவோ இருக்கும். கொஞ்ச நேரத்தில் தானாகவே போய்விடும், ஆபத்தில்லை. ஆனால் நம் பெண்கள் வெட்கப்பட்டு நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். மெதுவாக ஏற்றச் சொன்னாலே போதும். அதைவிட முக்கியம், ஊசி இறங்குகிற கையில் வலியோ வீக்கமோ சிவப்போ தெரிந்தால் அந்த நிமிடமே கூப்பிடுங்கள். அப்ரெபிட்டன்ட்டின் ஊசி வடிவமான ஃபோசாப்ரெபிட்டன்ட் ஏறும்போது அந்த இடத்தில் எரிவதுண்டு, சிறிய ரத்தக்குழாய் என்றால் இன்னும் அதிகம். தாதிகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைக்காதீர்கள், எங்களைக் கூப்பிடத்தான் அந்த மணி இருக்கிறது.

மலச்சிக்கலைக் கீமோவின் தலையில் கட்டுவது

செட்ரான் மருந்துகள் குடலின் அசைவைக் குறைக்கின்றன. அதோடு வலிக்கு மார்ஃபின் அல்லது டிரமடால், சாப்பாடு வெறும் கஞ்சி, நடமாட்டம் இல்லை. நாலைந்து நாள் போகவில்லை என்றால் வயிறு உப்பி அதுவே குமட்டலைக் கொண்டுவரும், உடனே இன்னொரு ஒண்டான்செட்ரான் மாத்திரை போடுகிறார்கள், அது இன்னும் இறுக்குகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் எனிமா கொடுத்ததும் குமட்டல் நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். மலமிளக்கி எழுதிக் கொடுத்திருந்தால் முதல் நாளிலிருந்தே ஆரம்பியுங்கள். எழுதிக் கொடுக்கவில்லை என்றால் கேளுங்கள்.

பக்கத்து நாற்காலிக்காரருக்குப் போட்டதைக் கேட்பது

அவருடைய கீமோ வேறு. அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன், உங்களைப் பற்றிய சில விஷயங்கள் மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும், ஆனால் யாரும் தானாகச் சொல்வதில்லை. கர்ப்பமாக இருந்தபோது மசக்கை கடுமையாக இருந்ததா, பேருந்திலோ படகிலோ போனால் வாந்தி வருமா என்பவை. வயது குறைந்த பெண்களுக்குக் கீமோ குமட்டல் கூடுதலாக வருகிறது. கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

வேறு கிளினிக்கில் போய் இன்னொரு ஊசி போட்டுக்கொள்வது

மூன்றாம் நாள் வாந்தி வந்ததும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழே இருக்கிற கிளினிக்கில் போய் "ஒரு ஊசி போட்டுவிடுங்க டாக்டர்" என்பது நம் வழக்கம். நல்லெண்ணத்தில் அவரும் உதவுவார், ஆனால் நீங்கள் ஏற்கெனவே என்ன எடுத்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லாவிட்டால் சிக்கல். ஒண்டான்செட்ரான், டொம்பெரிடோன், சில கிருமிக்கொல்லி மருந்துகள், சில மன அழுத்த மருந்துகள் எல்லாமே இதயத்தின் மின்துடிப்பை நீளமாக்கக் கூடியவை. வாந்தியில் பொட்டாசியமும் மக்னீசியமும் குறைந்திருக்கும்போது இவை ஒன்றுசேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். இந்தக் காரணத்துக்காகவே 2012-ல் அமெரிக்காவில் ஒண்டான்செட்ரானின் 32 மி.கி. ஊசியளவைக் கைவிட்டார்கள், ரத்தக்குழாய் வழியாக ஒரே தடவையில் 16 மி.கி.க்கு மேல் கூடாது என்றார்கள். படபடப்பு, மயக்கம் வந்தால் அது வெறும் பலவீனம் என்று படுத்துக்கொள்ளாதீர்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள்: அப்ரெபிட்டன்ட்டும் ஃபோசாப்ரெபிட்டன்ட்டும் நீங்கள் எடுக்கும் அந்த மருந்துகளின் வலுவைக் குறைக்கும். வார்ஃபரினுக்கு அடுத்த இரண்டு வாரத்துக்குள், குறிப்பாக 7 முதல் 10 நாளில், ரத்தப் பரிசோதனை வேண்டும். கருத்தடைக்கு 28 நாள் வேறு வழியும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வாந்தி நிற்காதபோது அடுத்த சந்திப்பு வரை காத்திருப்பது

"அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கத்தானே போகிறோம்" என்று காத்திருக்காதீர்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, சிறுநீர் மிகவும் குறைந்துவிட்டது, எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் உங்களிடம் கொடுத்திருக்கும் எண்ணைக் கூப்பிடுங்கள், இரவு என்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சல் 38 டிகிரி அல்லது அதற்கு மேல் என்றால் வாந்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே கிளம்ப வேண்டும், பனடால் போட்டுப் பார்க்கலாம் என்று உட்காரக் கூடாது. கூப்பிடும்போது கையில் வைத்திருக்க வேண்டியவை: கீமோ போட்ட தேதி, அன்று எடுத்த படத்தில் இருக்கும் ஊசியின் பெயர், கடைசியாக எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டீர்கள், போட்ட எத்தனை நிமிடத்தில் வாந்தி வந்தது, இன்று எத்தனை தடவை சிறுநீர் போனீர்கள். மாத்திரையை எடுக்காமல் விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் திட்டமாட்டோம். அதைச் சொன்னால்தான், அடுத்த சுற்றுக்கு மருந்தை மாற்றுவதா, இருக்கிற மருந்தையே ஒழுங்காகக் கொடுப்பதா என்று எங்களால் முடிவு செய்ய முடியும்.