பழைய கேம்கார்டர் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி

சொந்தக்காரர்களில் யார் வீட்டுப் பரணில் வீடியோ கேசட் கிடைத்தாலும் கடைசியில் அது என் மேசைக்குத்தான் வரும். கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “எடுத்த கேமரா இருக்கிறதா, ஓடுகிறதா?” என்பதுதான். கேசட் ஓரளவு தாக்குப்பிடிக்கும். கேமராதான் முதலில் மண்டையைப் போடும். ரப்பர் உருளை, பெல்ட், கெபாசிட்டர் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே வரும். ஓடுகிற கேமரா கையில் இருந்தால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து கேசட் எந்த வகை என்று பாருங்கள், இறக்கும் வழி அதைப் பொறுத்தது. வீடியோ8, ஹை8, விஹெச்எஸ்-சி மூன்றும் அனலாக். மினிடிவியும் (MiniDV) டிஜிட்டல்8-உம் டிஜிட்டல். ஆனால் டிஜிட்டல்8 கேமரா ஹை8 கேசட்டிலேயே பதியும் என்பதால், கேசட்டின் மேல் உள்ள எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம், கேமராவையும் பாருங்கள்.

போடுவதற்கு முன் கேசட்டின் கண்ணாடி வழியாக டேப்பின் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் பூஞ்சணம். அதை கேமராவுக்குள் விட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் தொற்றும்; தனியாக எடுத்து வையுங்கள். நல்ல கேசட்டில் அழிப்புத் தடுப்பு நாக்கை நகர்த்திவிட்டு, கடைசி வரை ஓட்டி, திரும்ப ரீவைண்ட் செய்யுங்கள். வருடக்கணக்கில் அசையாமல் இருந்த டேப் அப்போதுதான் சீராகச் சுற்றிக்கொள்ளும். பேட்டரியை நம்பாமல் அடாப்டரில் ஓட்டுங்கள்.

டிஜிட்டல் கேசட் என்றால், வீடியோவை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும் ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்புதான் வழி. கேமராவில் யூஎஸ்பி இருக்கிறதே என்று பலர் சந்தோஷப்படுவார்கள். பெரும்பாலும் அது மெமரி கார்டுப் போட்டோவுக்காக வைத்தது. வீடியோ வந்தாலும் மங்கலாக வரும். ‘டிவி’ (DV) அல்லது ‘ஐ.லிங்க்’ (i.LINK) என்று எழுதிய சின்ன நான்கு முனைத் துளையைத் தேடுங்கள். ஒரு முனையில் ஃபயர்வயர், மறுமுனையில் யூஎஸ்பி என்று விற்கும் மலிவு ஒயர் வெறும் ஏமாற்று: இரண்டும் தகவலை அனுப்பும் முறையே வேறு. டெஸ்க்டாப்பில் ஃபயர்வயர் கார்டு போட்டு, ‘வின்டிவி’ (WinDV) என்ற சின்ன இலவச மென்பொருளில் இறக்கலாம். ஃபயர்வயர் உள்ள பழைய மேக் கிடைத்தால் இன்னும் சுலபம். மேக்ஓஎஸ் 26-இல் ஆப்பிள் அந்த ஆதரவையே எடுத்துவிட்டது.

ஒரு மணி நேர டேப் இறங்க ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. இடம் சுமார் 13 ஜிபி பிடிக்கும். ஹார்டு டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருந்தால் ஃபைல் 4 ஜிபியோடு நின்றுவிடும்.

படத்தில் சதுரம் சதுரமாகச் சிதறி, சத்தமும் விட்டுவிட்டு வந்தால் டேப்பைப் பழிக்காதீர்கள். பாதி நேரம் ஹெட் அழுக்குதான். கிளீனிங் கேசட்டைச் சில விநாடி ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். எல்பி முறையில் (அதிக நேரம் பிடிக்க டேப்பை மெதுவாக ஓட்டி) பதிந்த டேப் வேறு கேமராவில் முரண்டு பிடிக்கும். எடுத்த கேமராவே அதற்கு நல்லது.

அனலாக் கேசட்டுக்கு, படத்தை டிஜிட்டலாக மாற்றித் தரும் யூஎஸ்பி கேப்சர் கருவி போதும். கேமராவில் எஸ்-வீடியோ என்ற வட்டத் துளை இருந்தால் படத்துக்கான மஞ்சள் ஒயரை விட்டுவிட்டு அதில் இணையுங்கள். சத்தத்துக்குச் சிவப்பு, வெள்ளை. படத்தின் அளவு, இந்தியாவின் டிவி முறையான பால் (PAL) என்றால் 720×576, அமெரிக்க முறையான என்டிஎஸ்சி (NTSC) என்றால் 720×480. சில டிஜிட்டல்8 கேமராக்கள் ஹை8-ஐயும் ஓட்டி ஃபயர்வயர் வழியே டிஜிட்டலாகவே தரும். அப்படி ஒன்று கிடைத்தால் கேப்சர் கருவியே வேண்டாம்.

அசைவில் சீப்புப் பல் போலக் கோடு தெரிகிறது என்று பயந்து மூல ஃபைலில் கை வைக்காதீர்கள். பழைய வீடியோ அப்படித்தான் பதிவாகும். பிரதி எடுத்து, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோடுகளை நீக்கி (டீஇன்டர்லேஸ் செய்து), அந்த எம்பி4-ஐ உறவுகளுக்கு அனுப்புங்கள். மூலத்தை இரண்டு டிஸ்க்கில் வையுங்கள்.

ஃபைலுக்கு ஆண்டை முன்னால் வைத்துப் பெயரிடுங்கள். மினிடிவியில் எடுத்த தேதியும் டேப்பிலேயே இருக்கும். எல்லாமே ஜனவரி 1 என்று காட்டினால் கேமராவில் கடிகாரமே வைக்கவில்லை என்று அர்த்தம். அப்போது ஒரு அத்தையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். யார் கல்யாணம், எந்த வருஷம் என்று நொடியில் சொல்லிவிடுவார்.