லாரி கிளம்பியபின் ஓடும் மீட்டர்: ஊர் மாறுகிறவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் வங்கிக் கிளையில் வேலை பார்க்கும் ஒரு தம்பிக்குப் போன வாரம் சென்னையிலிருந்து புனேவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மறுநாள் காலையிலேயே முகமெல்லாம் சிரிப்பாக என் மேசைக்கு வந்து நின்றார்.

"மேடம், சாமானை லாரில கொண்டுபோக எல்லாரும் நாற்பதாயிரத்துக்கு மேல கேட்டாங்க. நான் இருபத்தஞ்சுக்கு ஒருத்தரைப் பிடிச்சிட்டேன். அட்வான்ஸும் போட்டாச்சு."

"வீட்டுக்கு வந்து சாமானைப் பார்த்தாங்களா?"

"இல்ல மேடம். ரெண்டு பெட்ரூம்னு சொன்னேன், போதும்னுட்டாங்க."

"ஃபுல் லோடா, பார்ட் லோடா?"

"அப்படின்னா?"

எனக்கு 2018 ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது. இதே சென்னை, இதே புனே, ஏறத்தாழ இதே உரையாடல். அன்று "அப்படின்னா?" என்று கேட்டவள் நான்.

இருபது வருட உத்தியோகத்தில் ஆறு முறை வீட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் மாறியிருக்கிறேன். பெட்டி மேல் பெயர் எழுதுவது, நகையையும் சான்றிதழையும் கையோடு எடுத்துப்போவது இதெல்லாம் உங்கள் மாமியாரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடுவதை மட்டும் எழுதுகிறேன்.

பார்ட் லோடில் ஏற்றிவிட்டு, சொன்ன தேதியை நம்புவது

சென்னையிலிருந்து புனே சுமார் 1,200 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலை 48 ஒன்றே வேலூர், பெங்களூரு, ஹூப்ளி, கோலாப்பூர், சாத்தாரா வழியாகக் கொண்டுபோய் விட்டுவிடும். உங்கள் சாமானை மட்டும் ஏற்றிய லாரி மூன்றாம் நாள் வாசலில் நிற்கும். இது ஃபுல் லோடு.

பார்ட் லோடு என்றால் உங்களுக்கு லாரியில் ஒரு பகுதிதான். மீதி இடத்துக்கு ஆள் கிடைக்கும்வரை சாமான் மாதவரம் பக்கமோ செங்குன்றம் பக்கமோ ஏதாவது ஒரு குடோனில் கிடக்கும். லாரி நிறைந்தால்தான் கிளம்பும். கிளம்பினாலும் நேரே புனே போகும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பெங்களூரிலோ ஹூப்ளியிலோ இறக்கி வேறு வண்டிக்கு மாற்றுவார்கள். ஒவ்வொரு முறை இறக்கி ஏற்றும்போதும் உங்கள் பீரோ காலில் ஒரு வளைவு, கண்ணாடியில் ஒரு கீறல். பேக்கிங் செய்த ஆட்கள் வேறு, இங்கே இறக்குகிற ஆட்கள் வேறு. உள்ளே என்ன இருக்கிறது என்று இவர்களுக்குத் தெரியாது.

இதை யாரும் மறைப்பதில்லை. நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான். 'நாலைஞ்சு நாள்ல வந்துடும்' என்று ஃபோனில் ஒரு குரல் சொல்லும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரின் வேலை ஆர்டர் பிடிப்பதோடு முடிந்தது. லாரி எப்போது நிறையும் என்று அவருக்கே தெரியாது.

2018-ல் என்னிடம் ஃபுல் லோடுக்கு 41,000 கேட்டார்கள், பார்ட் லோடுக்கு 27,000. பதினாலாயிரம் மிச்சம் என்று நானும் இந்தத் தம்பி மாதிரியேதான் சிரித்தேன். மே 28-ம் தேதி சாமான் ஏறியது. ஏற்றும்போதே, "ஃபோன்ல சொன்னதை விட அதிகமா இருக்கும்மா" என்று 3,500 சேர்த்து வாங்கினார்கள். பாதி வீடு தெருவில் நிற்கும்போது யாரிடம் பேரம் பேசுவது? ஜூன் 2 வந்துவிடும் என்றார்கள். நாங்களும் ரயிலேறிப் போய் வெறும் வீட்டின் சாவியை வாங்கினோம்.

ஜூன் 2 வரவில்லை. ஆர்டர் பிடித்தவர் ஃபோனை எடுக்கவில்லை. ஐந்தாம் தேதி எடுத்து, "ஹூப்ளி தாண்டியாச்சு" என்றார். ஏழாம் தேதி டிரைவர் எண்ணைக் கறந்து வாங்கிப் பேசினால், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: அவர் இன்னும் ஹூப்ளிக்கே வரவில்லை. லாரி புனே வந்து சேர்ந்தது ஜூன் 11. அதற்குள் மழை பிடித்துவிட்டது. சாத்தாரா பக்கத்து மலைப்பாதையில் தார்ப்பாய் போட்ட திறந்த வண்டி எப்படி நனைந்திருக்கும் என்பதற்கு எங்கள் இலவம்பஞ்சு மெத்தைதான் சாட்சி. இறக்கி வைத்தபோது இரண்டு ஆள் தூக்கினார்கள். சென்னையில் நான் ஒருத்தியே தூக்கியது அது.

அந்த ஒன்பது நாள் கணக்கு இன்னும் என் டைரியில் இருக்கிறது. லாட்ஜ் நாளைக்கு 1,600 வீதம் 14,400. நாலு பேர் வெளியே சாப்பிட்டதில் கூடுதலாக 6,300. பாய், தலையணை, வாளி, குக்கர், பையனுக்கு இரண்டு செட் துணி 4,100. ஏற்றும்போது கொடுத்த 3,500-ஐயும் சேர்த்தால் 28,300. பதினாலாயிரத்தை மிச்சம் பிடிக்க இருபத்தெட்டாயிரம் செலவழித்த பெருமை என்னுடையது. மகளுடைய புதுப் பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்கப் பழைய சீருடை பெட்டிக்குள் இருந்தது, காலியாக்கிய வீட்டுக்கு ஓனர் வெள்ளையடிக்கப் பிடித்தது, புனே வீட்டுக்கு ஓடிய வாடகை இதெல்லாம் கணக்கில் சேர்க்கவில்லை.

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது அந்தக் கம்பெனி இல்லை. 'லாரி எவ்வளவு?' என்று ஏழு பேரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்த நான், 'எனக்குச் சாமான் இல்லாத ஒரு நாளின் விலை என்ன?' என்று ஒரு தடவைகூடக் கணக்குப் போடவில்லை. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அந்த விலைதான் முதலில் தெரிய வேண்டும். அதைத் தாமதமாகக்கூடிய நாட்களால் பெருக்கி, பார்ட் லோடு விலையோடு கூட்டிவிட்டு, அதற்கப்புறம் ஃபுல் லோடு விலையைப் பாருங்கள். என் ஒரு நாளின் விலை இரண்டாயிரத்தைத் தாண்டியது. ஏழு நாள் ஆவதற்குள்ளேயே வித்தியாசம் தீர்ந்துவிட்டது. மீதி நாளெல்லாம் தண்டம்.

பார்ட் லோடே கூடாது என்று சொல்லவில்லை. பத்துப் பெட்டியும் ஒரு சைக்கிளுமாகத் தனியாளாகப் போகிற பையன் ஃபுல் லோடு போட்டால் அதுதான் முட்டாள்தனம். அவன் நண்பனின் அறையில் பாய் விரித்துக்கொள்வான். அப்படிப் போகிறவர்களும் சொன்ன நாளை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கொட்டேஷனில் எழுதி வாங்க வேண்டியவை: எத்தனை அடி வண்டி (14-ஆ, 17-ஆ), மூடிய கன்டெய்னரா தார்ப்பாயா, வழியில் வண்டி மாற்றுவார்களா, எந்தத் தேதிக்குள் வரும், தாமதமானால் நாளொன்றுக்கு எவ்வளவு கழிப்பார்கள். கடைசிக் கேள்விக்குப் பலர் சிரிப்பார்கள். சிரிக்காமல் பதில் சொல்கிறவரிடம் ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுக்கலாம். ஆள் அனுப்பி வீட்டைப் பார்க்காமல் விலை சொல்கிறவரிடம் பேச்சே வேண்டாம். ஃபோனில் சொன்ன விலை ஏற்றும் நாளில் ஏறத்தான் செய்யும்.

'ஜி.எஸ்.டி. தனி' என்ற இரண்டு வார்த்தையையும் தேடிப் பாருங்கள். 18 சதவீதம் போட்டால் தம்பியின் 25,000, 29,500 ஆகிவிடும். சரக்கு எடுத்துப்போவதற்கான ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டான இ-வே பில்லுக்கு என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சொந்த உபயோகத்தில் இருந்த வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில் தேவையில்லை என்று விதியிலேயே இருக்கிறது.

'இன்ஷூரன்ஸ் 3 சதவீதம்' என்று கொட்டேஷனில் இருப்பதை நம்புவது

மூன்று லட்சம் மதிப்புள்ள சாமானுக்கு இது ஒன்பதாயிரம் ரூபாய். அதைக் கொடுத்ததற்கு உங்கள் கைக்கு வர வேண்டியது, இன்ஷூரன்ஸ் கம்பெனி உங்கள் பெயரில் கொடுத்த சான்றும் பாலிசி எண்ணும். பல நேரம் வருவது லெட்டர்பேடில் ஒரு வரி. அது இன்ஷூரன்ஸ் இல்லை. உடைந்தால் தருகிறேன் என்று லாரிக்காரர் சொல்லும் வாய்வார்த்தை.

உண்மையான பாலிசியிலும் ஒரு சங்கதி உண்டு. வெளியே கீறலே இல்லாமல் டிவி வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் பணம் கிடைக்காது. ஏற்றுவதற்கு முன் டிவியையும் ஃபிரிட்ஜையும் ஓடவிட்டுத் தேதியோடு வீடியோ எடுத்து வைப்பது, பெட்டியே உடைந்து வரும்போது நீங்கள் போடும் சண்டைக்காவது உதவும்.

எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சேதத்தை அதிலேயே, இறக்கிய அன்றே, டிரைவர் முன்னால் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். 2007-ம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி வழக்குப் போட நினைத்தால், சாமான் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அதிக மதிப்பை அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், கிடைப்பதற்கும் உச்சவரம்பு உண்டு: லாரி வாடகையைப் போலப் பத்து மடங்கு. ரசீதில் வாடகையைக் குறைத்து எழுதச் சம்மதிக்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

பழைய வீட்டு அட்வான்ஸை நம்பிப் புது வீடு பேசுவது

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் நாம். தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. ஆனால் 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஊரே அந்தக் கதவு வழியாகத்தான் போய் வருகிறது.

15,000 வாடகை வீடு என்றால் ஒன்றரை லட்சம் ஓனரிடம் நிற்கும். 'அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்' என்பார். அதே வாரத்தில் புனேயில் 22,000 வாடகை வீட்டுக்கு இரண்டு மாத டெபாசிட், ஒரு மாதம் தரகு, முதல் மாத வாடகை என்று 88,000 எடுத்து வைக்க வேண்டும். ஆக, லாரிப் பணத்தைத் தவிரவும் லட்சத்துக்குக் குறையாமல் கையில் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். மாற்றல் வரும் என்று காற்று வாக்கில் கேட்டதுமே ஓனரிடம் பேசி, கடைசி இரண்டு மூன்று மாத வாடகையை அட்வான்ஸில் கழிக்கச் சொல்லுங்கள். சாவியைக் கொடுத்த பிறகு உங்கள் பேச்சுக்கு மதிப்பில்லை.

மகாராஷ்டிராவில் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதினொரு மாதம்தானே என்று விட முடியாது. அந்தச் செலவில் யாருடைய பங்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பழைய வண்டியைக் கூட இழுத்துக்கொண்டு போவது

வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஓட்டினால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். வண்டிக் கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். ஊரை விட்டுக் கிளம்புமுன் வாங்காவிட்டால் அதற்கென்று ஒரு ரயில் டிக்கெட். புது மாநிலத்தில் வரியை முதலில் கட்டிவிட்டுத்தான் இங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்க முடியும். என் ஒன்பது வருட ஸ்கூட்டருக்கு இவ்வளவும் செய்தேன். விற்றுவிட்டுப் போயிருக்க வேண்டும்.

அடிக்கடி மாற்றலாகிறவர்கள் புது வண்டி வாங்கும்போதே 2021-ல் வந்த, மாநிலம் மாறினாலும் மாற்ற வேண்டாத பி.எச். வரிசைப் பதிவெண் தங்களுக்குக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். அரசு, பொதுத்துறை ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் வைத்திருக்கும் தனியார் நிறுவனத்தாருக்கும் உண்டு.

முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினை அப்படியே ஏற்றுவது

வாங்கும்போது பின்னால் இருந்து கழற்றிய போல்ட்டுகளைத் திரும்ப மாட்டாமல் ஏற்றினால் டிரம் ஆடி ஆடியே போய்விடும். அந்த போல்ட்டுகள் எந்த டப்பாவில் இருக்கின்றன என்று இன்றே தேடுங்கள்.

கேஸ் சிலிண்டர்

லாரியில் ஏற்றக்கூடாது. ஏஜென்சியில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

மாதக் கடைசியில் லாரி பிடிப்பது

ஊரே அன்றுதான் மாறுகிறது.

கிரைண்டரை விற்பது

கட்டிலை விற்கலாம். சோபாவை விற்கலாம். கிரைண்டரை விற்றுவிட்டுப் புனே போய் மிக்சியில் இட்லி மாவு அரைத்த எட்டு மாதத்தைப் பற்றி என் வீட்டுக்காரர் இன்னும் பேசுகிறார்.

போகிற இடத்தின் கெடுபிடியைக் கேட்காமல் விடுவது

புனே குடியிருப்புச் சங்கங்கள் பலவற்றில் சாமான் இறக்க நேரக் கட்டுப்பாடு உண்டு. சிலவற்றில் ஞாயிறு கூடாது, லிஃப்டில் பெரிய சாமான் கூடாது, குடிவரும் கட்டணம் தனி. லாரி சனிக்கிழமை இரவு வந்தால் திங்கள்வரை வெளியே நிற்கும். நிற்கிற ஒவ்வொரு நாளும் ஹால்டிங், அதாவது காத்திருப்புக் கட்டணம், என்று உங்கள் கணக்கில் ஏறும்.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். கொடுத்த அட்வான்ஸை விட்டுவிட்டு, வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்த்த ஒருவரிடம் 43,000-க்கு ஃபுல் லோடு பேசி, தேதியும் எழுதி வாங்கினார். நேற்று புனேயிலிருந்து ஃபோன்.

"மேடம், லாரி சொன்ன நாளுக்கே வந்துடுச்சு. ஆனா மாடி ஏத்த ஆறாயிரம் தனியா கேட்கிறாங்க."

"எந்த மாடின்னு கொட்டேஷன்ல எழுதினீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.