யூதவியல் ஆய்வுக்குக் கல்லூரி நூலகத்தில் புத்தகம் தேடுவது எப்படி?

யூதவியலில் முதல் கட்டுரை எழுதப்போகிறவர்கள் பலரும் நேரே சமயப் பகுதிக்குப் போகிறார்கள். இரண்டு தட்டுகளை அலசிவிட்டு, ‘இங்கே ஒன்றுமே இல்லை’ என்று திரும்பிவிடுகிறார்கள். புத்தகம் இருக்கும், ஆனால் வேறு தளத்தில் இருக்கும். யூதம் ஒரு சமயம். யூதர்கள் ஒரு மக்கள். நூலக வகைப்பாடு இந்த இரண்டையும் தனித்தனியே வைக்கிறது.

படி 1: தலைப்பைக் குறுக்குங்கள். ‘யூத சமயம்’ என்று தேடினால் வந்து குவிவதைப் படிக்க ஆயுள் போதாது. 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டதை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

படி 2: ஒரு நல்ல புத்தகத்தைப் பிடியுங்கள். நூலகக் கணினியில் யூதர்கள், ஸ்பெயின், 1492 ஆகியவற்றை ஆங்கிலத்தில் கொடுத்துத் தேடுங்கள். பொருத்தமான ஒரு புத்தகம் கிடைத்ததும் அதன் முழு விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே ‘பொருள் தலைப்பு’ என்று ஒரு வரி இருக்கும். யூதர்கள், ஸ்பெயின், வரலாறு, வெளியேற்றம் என்று கோவையாக வரும். ‘செஃபார்டிம்’ என்ற சொல்லும் கண்ணில் படலாம். ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த யூதர்களை அப்படித்தான் அழைப்பார்கள். அந்த வரியைச் சொடுக்கினால், தலைப்பில் ‘ஸ்பெயின்’ என்ற சொல்லே இல்லாத புத்தகங்களும் வரும். இந்த ஒரு படியைப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

படி 3: எழுத்துக்கூட்டலை மாற்றிப் பாருங்கள். எபிரேயச் சொற்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஹனுக்கா பண்டிகையை எச்-இல் தொடங்கியும் எழுதுவார்கள், சி.எச்-இல் தொடங்கியும் எழுதுவார்கள். பெயர்களிலும் இதே தொல்லை உண்டு: 1204இல் மறைந்த யூத அறிஞர் மைமோனிடிஸும் ரம்பாமும் ஒரே ஆள்தான்.

படி 4: எண்ணைக் குறித்துக்கொண்டு தட்டுக்குப் போங்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி முறை நூலகம் என்றால் யூத சமயம் 296, எபிரேய விவிலியம் 221, யூத மக்களின் உலக வரலாறு 909.04924, எபிரேய இலக்கியம் 892.4. நம் ஸ்பெயின் புத்தகங்களில் சில, ஸ்பெயின் வரலாற்றுக்கான 946இலும் இருக்கும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறை என்றால் சமயத்துக்கு பி.எம்., விவிலியத்துக்கு பி.எஸ்., மக்கள் வரலாற்றுக்கு டி.எஸ். தேடிப்போன புத்தகத்தை எடுத்ததும் அதன் இரு பக்கமும் உள்ளவற்றையும் புரட்டிப் பாருங்கள். எனக்குப் பிடித்த வேலை இது.

அப்புறம், யூதச் சட்டமும் விவாதங்களும் அடங்கிய பழைய தொகுப்பான தல்மூதின் மேற்கோள் ஒன்று. ‘பெராகோத் 2ஏ’ என்று அடிக்குறிப்பில் இருந்தால், உங்கள் கையிலிருக்கும் மொழிபெயர்ப்பின் 2ஆம் பக்கத்தைத் தேடாதீர்கள். பெராகோத் என்பது பகுதியின் பெயர். 2ஏ என்பது இரண்டாம் தாளின் முன்பக்கம். 1520களில் வெனிஸில் அச்சான பதிப்பின் தாள் எண்களையே இன்றும் பின்பற்றுகிறார்கள். முகப்புத் தாளும் கணக்கில் சேர்வதால் முதல் தாள் என்று ஒன்று வருவதே இல்லை.

படி 5: கலைக்களஞ்சியம். ‘என்சைக்ளோபீடியா ஜுடாயிகா’வின் இரண்டாம் பதிப்பு 2007இல் 22 தொகுதிகளாக வந்தது. கட்டுரைகளின் முடிவில் உள்ள நூற்பட்டியலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இத்தகைய நோக்கு நூல்களைப் பெரும்பாலும் வெளியே தரமாட்டார்கள்.

படி 6: இல்லாததைக் கேளுங்கள். ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு, இஸ்ரேல் தேசிய நூலகத்தின் ‘ரம்பி’ என்ற அட்டவணையை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் கண்ட கட்டுரை உங்கள் நூலகத்தில் இல்லையா? சரி, விவரத்தை முழுதாக எழுதிக்கொண்டு போய், வேறு நூலகத்திலிருந்து இரவல் பெற்றுத் தர முடியுமா என்று நூலகரிடம் கேளுங்கள். வந்து சேர நாளாகும். கெடுவுக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள்.