டெம்ப்ளேட்டில் இருப்பது உங்கள் கடைப் படம் இல்லை

சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் என் சித்தப்பாவுக்கு நைட்டி மொத்த வியாபாரம். 10-க்கு 12 அடிக் கடை, தரையிலிருந்து கூரை வரை பண்டல். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது போனை என் முன்னால் நீட்டி, "இதே மாதிரி நமக்கும் ஒண்ணு பண்ணிக் குடுடா" என்றார். வெள்ளைச் சுவர், ஜன்னல் வழியே வெயில், நடுவில் ஒரே ஒரு நாற்காலி. மரச்சாமான் கடை வெப்சைட்டுக்காக முன்கூட்டியே செய்து வைத்த அச்சு, அதாவது டெம்ப்ளேட் அது. எனக்கும் பிடித்திருந்ததால் பணம் கட்டி வாங்கிவிட்டோம்.

நாற்காலி இருந்த இடத்தில் நைட்டிப் படத்தை வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. எங்கள் படங்கள் டியூப்லைட் வெளிச்சத்தில் போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தவை. டெம்ப்ளேட்டின் கட்டமோ அகலவாக்கில் இருந்தது. கழுத்து எம்பிராய்டரியும் கீழ் பார்டரும் வெட்டுப்பட்டு, நடுத்துணி மட்டும் திரை முழுக்க நின்றது. வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பதே அந்தக் கழுத்து வேலையைத்தான்.

வடசென்னையில் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து தருவது என் தொழில். வருகிறவர்களில் பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு இதுதான்: டெமோவில் (விற்பவர் காட்டும் மாதிரிப் பக்கத்தில்) இருக்கும் படத்துக்கு ஆசைப்பட்டு டெம்ப்ளேட்டை எடுப்பது. அந்தப் படங்கள் உங்களுக்கு வராது. வருவது கட்டங்களும் எழுத்தும் நிறமும் மட்டும். அதனால் தேடுவதற்கு முன்பே உங்கள் சரக்கை 20 படம் எடுத்து வையுங்கள். கடையைப் பற்றி நாலு வரி, பொருள்களின் பெயர், விலை சொல்லும் விதம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். நாமே வெப்சைட் கட்டிக்கொள்ள உதவும் விக்ஸ் போன்ற இடங்களில் பணம் கட்டாமலேயே டெம்ப்ளேட்டைத் திறந்து படத்தை மாற்றிப் பார்க்கலாம். வெப்சைட் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் இலவச தீம்களை (அங்கே டெம்ப்ளேட்டுக்கு அதுதான் பெயர்) ஏற்றிப் பார்க்கலாம். உங்கள் படங்களோடும் பார்க்க நன்றாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

சித்தப்பா விஷயத்தில் இன்னொரு பிசகும் இருந்தது. அந்த டெம்ப்ளேட் சில்லறை விற்பனைக்கானது. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே 'கூடையில் சேர்' பட்டன். அவர் விற்பதோ செட் கணக்கில். சைஸ் கலந்து ஒரு செட், அதற்கு ஒரு ரேட், பழைய வாடிக்கையாளருக்கு வேறு ரேட். கூடை அவருக்குப் பயன்படவே இல்லை. துணி வகை, சைஸ் வாரியாகப் பிரித்துக் காட்டும் வசதியும், படத்தின் கீழே ஒரு வாட்ஸ்அப் பட்டனும் இருந்தால் அவர் வேலை முடிந்தது. (அந்தப் பட்டனில் எண்ணை 91-இல் தொடங்கி எழுத வேண்டும். முன்னால் பூஜ்யமோ கூட்டல் குறியோ, நடுவில் இடைவெளியோ கூடாது. இதைத் தப்பாகப் போட்டுவிட்டு ஆர்டரே வரவில்லை என்று காத்திருந்த கடையும் உண்டு.)

உங்கள் வியாபாரம் எப்படி நடக்கிறதோ அதற்கு இடம் கொடுக்கும் டெம்ப்ளேட் வேண்டும். காசிமேட்டில் மீன் எடுத்து வீடுகளுக்கு அனுப்பும் ஒரு அக்காவுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ரேட்டை நானே போன்ல மாத்த முடியுமா தம்பி?" வஞ்சிரத்தின் விலை விடியற்காலை ஏலத்தில்தான் தெரியும். நேற்றைய விலை இன்றைக்கு நிற்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, பாதி மீன்களின் பெயரையே எடுத்துவிட வேண்டியிருக்கும். ஒவ்வொரு மீனுக்கும் தனிப் பக்கம், ஐந்து படம், நீண்ட விளக்கம் என்று இருக்கும் டெம்ப்ளேட் அவருக்குச் சுமை. மேலே ஓர் அறிவிப்புப் பட்டை, கீழே 'இன்றைய மீன்' என்று ஒரே பட்டியல், இரண்டையும் ஏலம் முடிந்து ஆட்டோவில் வரும்போதே மாற்றக்கூடிய வசதி என்று தேடி எடுத்தோம். பார்வைக்கு மிகச் சாதாரணமான டெம்ப்ளேட். நான் செய்ததில் தினமும் புதுப்பிக்கப்படும் வெப்சைட் அது ஒன்றுதான்.

அடுத்தது தமிழ். இதை யாரும் சோதித்துப் பார்ப்பதே இல்லை, எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறும் இதுவே. டெம்ப்ளேட்டுகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்தவை. அவற்றின் எழுத்துருவில் தமிழ் இருக்காது. நீங்கள் தமிழில் தட்டியதும் போனில் இருக்கும் ஏதோ ஓர் எழுத்துரு வந்து உட்காரும், தலைப்பின் அழகு அங்கேயே போய்விடும். ஆங்கிலத்தில் 'Contact' என்று ஏழு எழுத்தில் முடியும் மெனுச் சொல் தமிழில் 'தொடர்பு கொள்ளுங்கள்' என்று நீண்டு, பட்டனைத் தாண்டி இரண்டாம் வரிக்கு விழும். வரிகளுக்கு நடுவே இடைவெளி குறைவாக வைத்திருந்தால் 'கூ', 'ளூ' போன்றவற்றின் கீழ்ப்பகுதி அடுத்த வரியின் சுழியோடு முட்டும். தலைப்பில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விடும் பாணி ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு எடுப்பாக இருக்கும், தமிழில் சொல் உடைந்து கிடக்கும். எனவே எழுத்துருவை மாற்ற விடும் டெம்ப்ளேட்டாகப் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை எல்லாம் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கின்றன. விலைப்பட்டியலை டிடிபி கடையில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் எல்லாப் போனும் கம்ப்யூட்டரும் படிக்கும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். இல்லையென்றால் திரையில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் வரும்.

கடைப் பெயரையும் முகவரியையும் படத்துக்குள் எழுதிக் காட்டும் டெம்ப்ளேட்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். தேடுகிறவர் கண்ணில் பட அவை எழுத்தாக இருக்க வேண்டும். நம் ஊர்ப் பெயர்களுக்கு இது ரொம்ப முக்கியம். வண்ணாரப்பேட்டை என்றும் வாஷர்மேன்பேட் என்றும் தேடுவார்கள், ஆங்கிலத்தில் அதையே இரண்டு மூன்று விதமாக எழுதுவார்கள். வெப்சைட் பக்கத்தில் எங்காவது அந்தப் பெயர்கள் இயல்பாக வர இடம் வேண்டும். எந்த மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பக்கம் வர வேண்டும் என்று நாலு வரி எழுதினாலே அது நடந்துவிடும்.

வேகம். டெமோவை ஆபீஸ் கம்ப்யூட்டரில், வைஃபையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் கடைக்குள் நின்று, மொபைல் டேட்டாவில், சாதாரணப் போனில் திறந்து பாருங்கள். கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் பக்கத்தில் டெமோவின் முகவரியைப் போட்டால் இலவசமாக அளந்து சொல்லும். பக்கத்தின் முக்கியப் படமோ எழுத்தோ 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. தானாக நகரும் பெரிய படங்கள், பின்னணி வீடியோ இரண்டும்தான் பெரும்பாலும் இழுத்தடிக்கும். மொபைலில் வரும் பக்கத்தை வைத்தே கூகுள் இப்போது வெப்சைட்டைப் பட்டியலிடுகிறது என்பதால், கம்ப்யூட்டரில் எப்படித் தெரிகிறது என்பதைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை யாரோ 'சும்மா' அனுப்பும் ஜிப் ஃபைலாக எடுத்துப் போடுவதை நான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுப்பேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பாத்திரக் கடைக்கு நானே அப்படிச் செய்தேன். கடைக்காரர் நேராகத் திறந்தால் வெப்சைட் ஒழுங்காக இருக்கும். கூகுளில் தேடி வந்தவர் தொட்டால் சூதாட்டப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். அதனால் பல வாரம் எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கு வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. நான் மொத்தத்தையும் அழித்து, என் செலவில் புதிதாகச் செய்து கொடுத்தேன். இலவசம்தான் வேண்டும் என்றால் வேர்ட்பிரஸ்ஸின் சொந்தத் தீம் தொகுப்பிலேயே ஏராளம் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று போட்டிருக்கும். இரண்டு வருடமாகத் தொடப்படாத தீம் வேண்டாம்.

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையிலும் எடுக்காதீர்கள். விக்ஸில் ஒருமுறை டெம்ப்ளேட்டை எடுத்து வெப்சைட் கட்டிவிட்டால் அதையே வேறு டெம்ப்ளேட்டுக்கு மாற்ற முடியாது, புதிதாகத்தான் தொடங்க வேண்டும். வேர்ட்பிரஸ்ஸில் மாற்றலாம். ஆனால் அந்தத் தீமுக்கே உரிய கருவிகளை வைத்துப் பக்கங்களைக் கட்டியிருந்தால், மாற்றிய அன்று எல்லாம் கலைந்து நிற்கும்.

வெளியிடும் முன் டெமோவோடு வந்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து அழியுங்கள். கொருக்குப்பேட்டை ஒர்க்‌ஷாப்பின் வெப்சைட்டில் லண்டன் முகவரி இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

டெம்ப்ளேட்டை யார் மாட்டிக் கொடுத்தாலும், டொமைன் பெயரும் (வெப்சைட்டின் முகவரி) ஹோஸ்டிங்கும் (வெப்சைட்டை வைத்திருக்கும் வாடகை இடம்) உங்கள் மெயில் ஐடியில், உங்கள் போன் எண்ணில் பதிவாகட்டும். செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தால் அவர் ஊர் மாறிய வருடம் புதுப்பிக்க ஆளிருக்காது. ஏற்கெனவே வெப்சைட் வைத்திருக்கிறவர்கள் இன்று கடை சாத்துவதற்குள் அந்தக் கணக்கில் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.