பழைய பேஸ்பால் கார்டு டீலரை நம்பலாமா? பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

"பின்பக்கம் இடது மூலையில் மெல்லிய மடிப்பு இருக்கிறது. ஸ்கேனில் தெரியாது, வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும்." விளம்பரத்தில் இப்படி எழுதுகிற டீலரிடம் தாராளமாகப் பேச்சைத் தொடரலாம். "அருமையான கார்டு, படத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று எழுதுகிறவர், குறை கண்டுபிடிக்கும் வேலையை உங்கள் தலையில் கட்டுகிறார். பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட பழைய கார்டில் கண்ணுக்கு லேசில் படாத ஒரு மடிப்போ, அரை மில்லிமீட்டர் வெட்டிய ஓரமோ விலையைப் பாதிக்குக் கீழே இறக்கிவிடும். ஆகவே கேட்காமலே குறையைச் சொல்கிறாரா என்பதை முதலில் பாருங்கள்.

படமும் வாசகமும்

இரண்டு பக்கமும், நான்கு மூலைகளும் முழுதாகத் தெரிய, நேராக எடுத்த ஸ்கேன் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள். கூடவே இரண்டு படங்கள் வாங்குவது நல்லது: பக்கவாட்டு வெளிச்சத்தில் கார்டைச் சாய்த்து எடுத்தது ஒன்று, அன்றைய தேதியைக் கையால் எழுதிய சீட்டைப் பக்கத்தில் வைத்து எடுத்தது ஒன்று. முதல் படத்தில் மடிப்பும் அழுத்தித் தேய்த்த தடமும் தெரியும். இரண்டாவது, கார்டு உண்மையிலேயே அவர் கையில் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. அடுத்தவர் விளம்பரப் படத்தைத் திருடிப் போடுகிறவர்கள் இந்தச் சீட்டைக் கேட்டதும் பதில் போட மாட்டார்கள்.

"தாத்தாவின் பரணில் கிடைத்தது, அசலா என்று எனக்குத் தெரியாது" என்ற வாசகத்தைக் கண்டால், அதே கணக்கில் வேறு என்ன விற்கிறார் என்று பாருங்கள். நூறு கார்டு விற்பனைக்கு வைத்திருப்பவருக்கு அசல் எது என்று தெரியாமலிருக்காது. தலைப்பில் 1952 என்று போட்டுவிட்டு, விவரத்தின் கடைசி வரியில் "ஆர்பி" என்று ஒளித்து வைப்பதும் பழைய தந்திரம். அது ரீபிரிண்டை, அதாவது பின்னாளில் அச்சிட்ட மறுபதிப்பைக் குறிக்கும் சுருக்கம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஓரம் வெட்டப்பட்டதா, நிறம் தீட்டப்பட்டதா, மடிப்பு அழுத்தி நீக்கப்பட்டதா, தண்ணீரில் ஊறவைக்கப்பட்டதா என்று தனித்தனியாக, எழுத்தில் கேளுங்கள். ஆல்பத்தில் ஒட்டிய பசையை நீக்கத் தண்ணீரில் ஊறவைப்பதைப் பல சேகரிப்பாளர்கள் தவறாக எண்ணுவதில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறாரா என்பதே விஷயம். "எனக்குத் தெரிந்தவரை இல்லை" என்ற பதிலைவிட, "ஓரங்களை அளந்தேன், சரியாக இருக்கிறது, மேல் விளிம்பு மட்டும் கொஞ்சம் சொரசொரப்பு" என்ற பதிலுக்கு மதிப்பு அதிகம்.

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி: அசலா என்று சோதித்து, நிலைக்கு 10 வரை மதிப்பெண் (கிரேடு) தரும் கிரேடிங் நிறுவனம் எதற்காவது இந்தக் கார்டு போய்த் திரும்பி வந்ததா? ஆயிரக்கணக்கான டாலர் பெறும் கார்டு கிரேடு இல்லாமல் விலைக்கு வருகிறது என்றால் காரணம் இருக்க வேண்டும். பிஎஸ்ஏ, எஸ்ஜிசி போன்ற நிறுவனங்களின் கட்டணத்தைப் போல் பல மடங்கு கூடுதல் விலை கிரேடு செய்த கார்டுக்குக் கிடைக்கும்போது, டீலர் அதை ஏன் வேண்டாமென்று விட்டார்? நேரமில்லை என்பார். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பதிலுக்கு நீங்கள் கொடுக்கும் விலை, ஓரம் வெட்டிய கார்டின் விலையாகத்தான் இருக்க வேண்டும்.

அதற்கு மேல் கேட்டால் ஒரு நிபந்தனை போடுங்கள்: "கிரேடிங் நிறுவனம் போலி என்றோ மாற்றம் செய்யப்பட்டது என்றோ சொன்னால் முழுப் பணமும் கிரேடிங் கட்டணமும் திருப்பித் தரப்படும்." காலக்கெடு, கிரேடிங் முடிந்து கார்டு திரும்பி வரும்வரை நீள வேண்டும். வெறும் 14 நாள் ரிட்டர்ன் இதற்குப் போதாது. நல்ல டீலருக்கு இது புது நிபந்தனை இல்லை. முகம் சுளிக்கிறவரிடம் விலையுயர்ந்த கார்டு வாங்காதீர்கள்.

விஷயம் தெரிந்தவரா?

அளவைக் கேளுங்கள். 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டில் வந்த டி206 கார்டு 1 7/16 அங்குலத்துக்கு 2 5/8 அங்குலம். கௌடி நிறுவனத்தின் 1933 கார்டு 2 3/8க்கு 2 7/8. 1952 முதல் 1956 வரை டாப்ஸ் நிறுவனத்தின் கார்டு 2 5/8க்கு 3 3/4; 1957 முதல்தான் இன்றைய 2 1/2க்கு 3 1/2. 1983இல் டாப்ஸே 1952 வரிசையை மறுபதிப்பாக வெளியிட்டது; அவை இன்றைய சின்ன அளவில் இருப்பதால் ஸ்கேல் வைத்ததுமே தெரிந்துவிடும். டி206இல் தொழிற்சாலையில் வெட்டும்போதே அளவு கொஞ்சம் கூடக் குறைய இருந்தது. எனவே சற்றே சிறிய கார்டு எல்லாமே பிறகு வெட்டியது என்று சொல்லிவிட முடியாது. இந்த வித்தியாசத்தை டீலர் தானே விளக்கினால் நல்ல அறிகுறி.

பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் 1952 டாப்ஸ் கார்டு, எண் 311, விற்பவரிடம் பின்பக்கத்தில் வரைந்திருக்கும் பந்தின் தையல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேளுங்கள். அந்தக் கார்டு அச்சுத் தாளில் இரட்டையாக இடம்பெற்றதால் இரண்டு வடிவங்கள் உண்டு; தையலின் திசை மாறும். இந்தக் கார்டைக் கையாண்டு பழகியவருக்குக் கேள்வி உடனே புரியும்.

அறிவு மட்டும் போதுமா என்றால், போதாது. பில் மாஸ்ட்ரோ இந்தத் துறையில் பெரிய ஏல நிறுவனம் நடத்தியவர். கார்டு தெரிந்தவர் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. ஏலத்தில் ஆள் வைத்து விலை ஏற்றிய மோசடி வழக்கில் 2013இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2015இல் 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. உலகிலேயே பேர் பெற்ற டி206 ஹோனஸ் வாக்னர் கார்டின் ஓரத்தைத் தான் வெட்டியதையும் அந்த வழக்கில் ஒப்புக்கொண்டார். அந்தக் கார்டுதான் 1991இல் பிஎஸ்ஏ முதன்முதலாக கிரேடு செய்த கார்டு. கொடுத்த கிரேடு 8.

நேரில் வாங்கும்போது

10 மடங்கு லென்ஸ், மில்லிமீட்டர் ஸ்கேல், சின்ன புற ஊதா டார்ச் மூன்றும் சட்டைப் பையில் அடங்கும். லென்ஸில் பெயர் எழுத்துகளையும் கறுப்புக் கோடுகளையும் பாருங்கள். அசலில் அவை பெரும்பாலும் ஒரே மையாக, புள்ளிகள் இல்லாமல் இருக்கும். ஸ்கேன் செய்து அச்சிட்ட போலியில் எழுத்தே பல நிறப் புள்ளிகளாகச் சிதறும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்டு புற ஊதா ஒளியில் பளீரென நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் கீழே வைத்துவிடுங்கள். தாளை வெளுப்பாகக் காட்டும் அந்த ரசாயனம் அப்போது தாளில் கிடையாது. ஒளிராவிட்டால் அசல் என்று ஆகிவிடாது, பழைய தாளில் அச்சிட்ட போலியும் ஒளிராது.

1971 டாப்ஸுக்குக் கறுப்புக் கரை. மூலை உரிந்து வெள்ளை தெரிவது இயல்பு என்பதால், மார்க்கர் பேனாவால் தீட்டுவதும் சகஜம். கார்டைப் பக்கவாட்டில் திருப்பி அதன் தடிமனைப் பாருங்கள். அந்த விளிம்பு தாளின் வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும். அங்கே கறுப்பு கசிந்திருந்தால் பேனா பட்டிருக்கிறது.

இதையெல்லாம் செய்யும்போது டீலரையும் கவனியுங்கள். உறையிலிருந்து எடுத்து அவரே நீட்டுகிறாரா, அல்லது "அடுத்தவர் காத்திருக்கிறார்" என்று அவசரப்படுத்துகிறாரா? கிரேடு ஆகாத கார்டை உறையோடுதான் பார்க்க வேண்டும் என்றால் அந்த மேசையில் உங்களுக்கு வேலையில்லை.

ஸ்லாப் என்றால் கவலையில்லையா?

கிரேடு செய்து பிளாஸ்டிக்கில் அடைத்த ஸ்லாபிலும் போலி உண்டு. சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தால் மட்டும் போதாது, போலி லேபிளில் உண்மையான எண்ணைத்தான் காப்பி அடித்திருப்பார்கள். தளத்தில் படம் இருந்தால், கரை அகலத்தையும் அச்சுப் புள்ளிகளையும் ஒப்பிடுங்கள். பிளாஸ்டிக் இணைப்பு ஓரம் வெளுத்தோ விரிசல் விட்டோ இருந்தால் யாரோ திறந்திருக்கலாம். லேபிளைப் பாதி வெட்டி எடுத்த படம் என்றால் கட்டாயம் முழுப் படம் கேளுங்கள்: பிஎஸ்ஏ கிரேடுக்குப் பக்கத்தில் ஓசி, எம்கே, எஸ்டி போன்ற எழுத்துகள் இருந்தால் அச்சு நடுவில் இல்லை, பேனாக் குறி இருக்கிறது, கறை இருக்கிறது என்று பொருள். விலை வெகுவாகக் குறையும்.

நட்சத்திரங்களும் விலையும்

ஈபேயில் 100 சதவீதம் நல்ல மதிப்பீடு இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்சல் வந்த வாரத்திலேயே மதிப்பீடு எழுதிவிடுகிறார்கள். ஓரம் வெட்டியது தெரியவருவதோ பல மாதம் கழித்து கிரேடிங்கில். அந்த ஏமாற்றம் நட்சத்திரத்தில் ஏறுவதே இல்லை. எனவே குறைகூறும் மதிப்பீடுகளை முதலில் படியுங்கள், அதற்கு டீலர் எழுதிய பதிலையும் படியுங்கள். பணத்தைத் திருப்பினேன் என்கிறாரா, வாங்கியவரைத் திட்டுகிறாரா? ஐந்து டாலர் கார்டுகளுக்குக் கிடைத்த நல்ல பெயர் ஐயாயிரம் டாலர் கார்டுக்குச் செல்லாது.

விலைக்கு, விற்று முடிந்தவற்றை மட்டும் பாருங்கள். ஈபேயில் விலையைக் கோடு போட்டு அடித்துக் காட்டியிருந்தால், அதைவிடக் குறைவாகப் பேரம் பேசி விற்றது என்று பொருள். பாதி விலைக்குக் கிடைக்கிறதென்றால், வேறொரு டீலருக்கு இதைவிடக் கூடுதலாக விற்றிருக்கலாமே, ஏன் உங்களிடம் வருகிறார் என்று யோசியுங்கள். ஏலத்தில் ஒரே ஆள் எப்போதும் இந்த டீலரிடம் மட்டுமே கேட்டுத் தோற்பது, விற்ற அதே கார்டு சில வாரத்தில் மறுபடி ஏலத்துக்கு வருவது, இரண்டும் ஆள் வைத்து ஏற்றுவதன் தடயங்கள்.

முதல் வாங்கல்

சில பத்து டாலருக்குள் ஒரு கார்டு வாங்கிப் பாருங்கள். "ஈஎக்ஸ்" (எக்ஸலன்ட், மிக நல்ல நிலை) என்று சொன்னது வந்து சேரும்போது கண்ணுக்குத் தெரியும் மடிப்போடு இருந்தால், இவர் சொல்லும் ஒவ்வொரு நிலையையும் ஒரு படி இறக்கித்தான் படிக்க வேண்டும். மெல்லிய உறை, கெட்டி உறை, இருபுறமும் அட்டை என்று கட்டி அனுப்பினாரா என்பதும் அவர் கார்டை எப்படி மதிக்கிறார் என்று காட்டும்.

பணத்தை பேபாலில் பொருள் வாங்குவதற்கான வழியில் மட்டும் அனுப்புங்கள். புகார் கொடுக்க 180 நாள் கிடைக்கும். நண்பர்களுக்குப் பணம் அனுப்பும் வழியில் அனுப்பச் சொன்னால், கட்டணத்தை நானே தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அதன் பிறகும் மறுத்தால் விலகிவிடுங்கள். நேரில் ரொக்கம் கொடுத்தால், ஆண்டு, வரிசை, எண், வீரர் பெயர், நிலை, "மாற்றம் செய்யப்படாதது" என்ற வார்த்தை, திருப்பித் தரும் கெடு, அவர் பெயர், தொலைபேசி எல்லாம் ரசீதில் இருக்க வேண்டும். பார்சலைத் திறக்கும்போது வீடியோ எடுத்து, கெடு முடியும்வரை உறையையும் வைத்திருங்கள்.